பச்சைப் புள்ளி மட்டும் போதுமா? ஓவன் இல்லாமல் நனிசைவ சாக்லேட்–கஷ்கொட்டை டிரஃபிள் செய்வது எப்படி?

புது தில்லி: பண்டிகைக் கால இனிப்புப் பெட்டியில் பால், நெய், கோவா, வெண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றேனும் சேராத பண்டத்தைக் காண்பது அரிது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், விலங்குவழிப் பொருள்கள் அனைத்தையும் தவிர்க்கும் நனிசைவருக்கும் அந்தப் பெட்டி பெரும்பாலும் எட்டாததாகவே இருந்துவிடுகிறது. இத்தகையோருக்கு வீட்டிலேயே செய்து தரக்கூடிய இனிப்புகளுள் ஒன்று, சாக்லேட்டும் செஸ்ட்நட் எனப்படும் கஷ்கொட்டையும் சேர்த்து உருட்டப்படும் டிரஃபிள். இதற்கு ஓவன் தேவையில்லை. முட்டை, பாலேடு, வெண்ணெய் எதுவும் வேண்டியதில்லை.

செய்முறை எளிது. மூலப்பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பிழை நேர்கிறது. சாக்லேட் உறையின் மீதுள்ள பச்சைப் புள்ளியை மட்டும் நம்பி வாங்கினால், எதைத் தவிர்க்க விரும்பினோமோ அந்தப் பாலே உருண்டைக்குள் வந்து சேரக்கூடும்.

பச்சைப் புள்ளி எதைச் சொல்கிறது?

இந்தியாவில் விற்கப்படும் பொதியிட்ட உணவுகளில், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அது அசைவம். இந்த வகைப்பாட்டில் பால், பால்பொருள்கள், தேன், தேன்மெழுகு, இனிப்புகளுக்கு மெருகூட்டப் பயன்படும் அரக்கு ஆகியவை அசைவமாகக் கருதப்படுவதில்லை. எனவே, பால் சாக்லேட்டின் உறையிலும் பச்சைப் புள்ளியே இடம்பெறுகிறது. சைவம் என்பதற்கு அது சான்று. பால் இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

இந்த இடைவெளியை நிரப்பும் வகையில், எஃப்எஸ்எஸ்ஏஐ என அறியப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ஆம் ஆண்டில் வீகன் உணவுகளுக்கெனத் தனி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. இவ்விதிகளின்படி, வீகன் எனப்படும் நனிசைவ உணவில் விலங்குவழி மூலப்பொருள்கள் எவையும் இடம்பெறக் கூடாது. சேர்க்கைப் பொருள்கள், மணமூட்டிகள், நொதிகள், பதப்படுத்துவதற்கான துணைப்பொருள்கள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அனுமதி பெற்ற பண்டங்களின் உறையில், பச்சை நிறத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தும் இலையும் கொண்ட முத்திரை அச்சிடப்படுகிறது.

நனிசைவ முத்திரைக்கும் ஒரு வரம்பு உண்டு. அது எவற்றைக் கொண்டு பண்டம் தயாரிக்கப்பட்டது என்பதைக் குறிக்கிறதே அன்றி, ஒவ்வாமை உள்ளவர்களுக்கான மருத்துவ உத்தரவாதம் அன்று. பால் ஒவ்வாமை என்பது பாலில் உள்ள புரதங்களுக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினை. சிலருக்கு மிகச் சிறிய அளவு பால்கூட மூச்சுத்திணறலையும் உயிருக்கு ஆபத்தான நிலையையும் ஏற்படுத்தும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க இயலாமை என்பது வேறு. அது வயிற்று உபாதையோடு நின்றுவிடும். ஒவ்வாமை உள்ளவருக்காக இனிப்பு செய்வோர், உறையின் பின்புறம் உள்ள 'பால் அடங்கியது', 'பால் இருக்கக்கூடும்' என்னும் அறிவிப்புகளையும் படித்தாக வேண்டும்.

டார்க் சாக்லேட்டில் பால் எப்படி வருகிறது?

டார்க் சாக்லேட்டின் அடிப்படைப் பொருள்கள் கோகோ விழுது, கோகோ வெண்ணெய், சர்க்கரை ஆகியவையே. கோகோ வெண்ணெய் என்பது பெயரளவில்தான் வெண்ணெய். அது கோகோ விதையிலிருந்து பிழியப்படும் தாவரக் கொழுப்பு. எனினும், சுவையை மென்மையாக்குவதற்காகச் சில நிறுவனங்கள் பால் கொழுப்பையோ பால் திடப்பொருளையோ சேர்க்கின்றன. மூலப்பொருள் பட்டியலில் பால் கொழுப்பு, மோர்ப்புரதம், கேசின், லாக்டோஸ் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் அந்தச் சாக்லேட் இந்தச் செய்முறைக்கு உதவாது.

பட்டியலிலேயே இல்லாத பாலும் உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 94 டார்க் சாக்லேட் கட்டிகளைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட தகவலில், அவற்றுள் 61 சதவீதத்தில் பால் இருந்ததாகத் தெரிவித்தது. ஆனால், பாலை மூலப்பொருளாகக் குறிப்பிட்டவை அவற்றுள் மிகச் சிலவே. பால் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் பல ஆலைகளில் ஒரே இயந்திரங்களில் தயாராவது இதற்கு முக்கியக் காரணம்.

அப்படியானால் இயந்திரங்களைக் கழுவிவிடலாமே என்ற கேள்வி எழலாம். சாக்லேட்டுக்கு நீர் பகை. இயந்திரத்தில் எஞ்சும் சிறிதளவு ஈரமும் அடுத்து வரும் சாக்லேட்டைக் கட்டியாக்கிவிடும். ஆதலால், இத்தகைய இயந்திரங்கள் பெரும்பாலும் நீரின்றியே துடைத்துத் தூய்மை செய்யப்படுகின்றன. முந்தைய பண்டத்தின் பால் துகள்கள் அடுத்ததில் கலப்பதற்கு அதுவே வழியாகிறது. வீட்டு அடுப்படியில் சாக்லேட் உருக்குவோரும் இதே நீர்ச் சிக்கலைத்தான் எதிர்கொள்கின்றனர்.

தேங்காய்ப்பாலிலும் கவனம் வேண்டும். வீட்டில் பிழிந்த பாலில் ஐயம் இல்லை. ஆனால், கடையில் கிடைக்கும் சில தேங்காய்ப்பால் பொடிகளில் சோடியம் கேசினேட் என்னும் பால் புரதம் சேர்க்கப்படுகிறது. ஆந்திரப் பிரதேசம், கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் தென்னந்தோப்புகளிலும் பாக்குத் தோப்புகளிலும் கோகோ ஊடுபயிராக வளர்க்கப்படுகிறது. ஒரே தோப்பின் நிழலில் விளையும் இரு பொருள்கள் இந்த இனிப்பில் ஒன்றுசேர்கின்றன.

எது கஷ்கொட்டை?

கஷ்கொட்டை மரம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இமயமலைப் பகுதிகளுக்குக் கொண்டுவரப்பட்டது. காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் இது காணப்படுகிறது. இலையுதிர்காலத்தில் காய்கள் முதிர்ந்து தாமே வெடித்து உதிர்கின்றன.

முந்திரி, பாதாம் போன்றவற்றிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டது. 100 கிராம் முந்திரியில் சுமார் 44 கிராம் கொழுப்பு உள்ளது. அதே அளவு பச்சைக் கஷ்கொட்டையில் இருப்பது சுமார் 2 கிராம் மட்டுமே. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். எஞ்சியதில் பெரும்பங்கு மாவுச்சத்து. வேகவைத்தால் கிழங்கைப் போல மசியும் இயல்பு இதனால்தான் வருகிறது. டிரஃபிளில் பாலேடு தரும் மென்மையைத் தருவதும், நீரையும் கொழுப்பையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பதும் இந்த மாவுச்சத்தே.

பெயர் ஒற்றுமையால் குழப்பம் விளைவிக்கும் காய்கள் இரண்டு உண்டு. ஒன்று சிங்காடா. காஷ்மீரின் வூலர் ஏரியிலும் வட மாநிலக் குளங்களிலும் விளையும் இது நீர்த்தாவரத்தின் காய். விரத நாள்களில் இதன் மாவு பயன்படுகிறது. உண்ணத்தக்கதே எனினும், இது கஷ்கொட்டை அன்று.

மற்றொன்று, உத்தராகண்டில் பாங்கர் என்றழைக்கப்படும் குதிரைக் கஷ்கொட்டை. இமயமலைக் காடுகளில் இயல்பாக வளரும் இம்மரத்தின் விதை கசப்பானது. இதிலுள்ள சபோனின் வகை வேதிப்பொருள்கள் நச்சுத்தன்மை உடையவை. மலைவாழ் மக்கள் இதன் மாவை நீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, கசப்பை நீக்கிய பின்னரே உண்பது வழக்கம். அந்தப் பக்குவம் அறியாதோர் இதைத் தொடாமல் இருப்பதே நலம்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. உண்ணத்தக்க கஷ்கொட்டையின் மேலுறை முள்ளம்பன்றியைப் போல நெருக்கமான மெல்லிய முட்களால் மூடப்பட்டிருக்கும். கொட்டையின் நுனி கூர்மையாக, சிறு குஞ்சத்துடன் முடியும். இமயமலைக் குதிரைக் கஷ்கொட்டையின் மேலுறையில் முட்கள் இரா. விதையும் கூர்நுனி இன்றி உருண்டையாக இருக்கும்.

தேவையான பொருள்கள்

வேகவைத்து உரித்த கஷ்கொட்டை 200 கிராம் (ஓட்டுடன் சுமார் 300 கிராம்), பால் சேராத டார்க் சாக்லேட் 200 கிராம், கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 80 மில்லி லிட்டர், பொடித்த வெல்லம் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, மேலே புரட்டுவதற்கு இனிப்பற்ற கோகோ தூள் 3 மேசைக்கரண்டி. இந்த அளவில் தலா 20 கிராம் எடையுள்ள சுமார் 24 உருண்டைகள் கிடைக்கும்.

செய்முறை

முதலில், ஒவ்வொரு கஷ்கொட்டையின் ஓட்டிலும் கத்தியால் குறுக்காகக் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் உள்ளே சேரும் நீராவி ஓட்டை வெடிக்கச் செய்யும். பின்னர், கொதிநீரில் 20 முதல் 25 நிமிடம் வேகவைத்து, சூடு ஆறுமுன் ஓட்டையும் உள்தோலையும் உரிக்க வேண்டும். ஆறிவிட்டால் துவர்ப்பான உள்தோல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், நான்கைந்தாக நீரிலிருந்து எடுத்து உரிப்பது நல்லது. உரித்த பருப்பை நீர் சேர்க்காமல் மசித்து, சல்லடையில் தேய்த்து எடுத்தால் கட்டியற்ற கூழ் கிடைக்கும்.

சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஈரமற்ற கிண்ணத்தில் இட்டு, மெல்லக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின் மீது வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. முக்கால் பங்கு உருகியதும் இறக்கிக் கிளறினால், எஞ்சியது அந்தச் சூட்டிலேயே உருகிவிடும்.

தனியே தேங்காய்ப்பாலில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, ஆவி வரும் அளவுக்குச் சூடாக்கி, சாக்லேட்டில் ஒரே முறையில் ஊற்றி, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கிளற வேண்டும். துளித்துளியாக ஊற்றுவது தவறு. சில துளி நீர் மட்டும் சேரும்போது, கொழுப்பில் மிதக்கும் சர்க்கரையும் கோகோ துகள்களும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. போதிய அளவு நீர்மம் ஒருசேரச் சேர்ந்தால், அவை அனைத்தும் கரைந்து பளபளப்பான குழம்பாக மாறும். கலவை திரிந்து எண்ணெய் பிரிந்தால், மேலும் ஒரு கரண்டி வெதுவெதுப்பான தேங்காய்ப்பால் விட்டு வேகமாகக் கிளறினால் சீராகிவிடும்.

இதனுடன் கஷ்கொட்டைக் கூழையும் உப்பையும் சேர்த்து நன்கு கலந்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். இறுகியதும் கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் விரைவாக உருட்டி, கோகோ தூளில் புரட்டினால் டிரஃபிள் தயார். மண் படிந்த டிரஃபிள் காளானை ஒத்திருப்பதால்தான் இந்த இனிப்புக்கு அப்பெயர் வந்தது. ஆகவே, உருண்டைகள் ஒழுங்கற்று அமைவது குறையாகாது.

நனிசைவ இனிப்புகள் பலவற்றில் வெண்ணெய்க்கு மாற்றாகத் தேங்காய் எண்ணெய் சேர்க்கப்படுகிறது. அது சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். கோகோ வெண்ணெய் உருகுவது சுமார் 34 டிகிரியில். வெப்பம் மிகுந்த ஊர்களில் உருண்டை கையிலேயே குழைந்துவிடாதிருக்க, தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பதே பொருத்தம்.

கஷ்கொட்டை கிடைக்காவிட்டால்

சமவெளி நகரங்களில் பச்சைக் கஷ்கொட்டை எளிதில் கிடைப்பதில்லை. வேகவைத்துப் பொதியிடப்பட்டதைப் பயன்படுத்தலாம். இனிப்பூட்டிய கூழாக இருந்தால் வெல்லம் வேண்டாம். அதுவும் கிடைக்காதபோது, வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு நல்ல மாற்று. கிழங்கில் நீர் அதிகம் என்பதால், தேங்காய்ப்பாலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். கஷ்கொட்டைக்கே ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இம்மாற்று உதவும். குறிப்பாக, ரப்பர் பாலான லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வாழைப்பழம், அவகேடோ ஆகியவற்றைப் போலவே கஷ்கொட்டையும் ஒத்துக்கொள்வதில்லை.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

தேங்காய்ப்பாலும் வெந்த கஷ்கொட்டையும் விரைவில் கெடக்கூடியவை. காற்றுப்புகாத டப்பாவில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4 நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. புளித்த வாடை வந்தால் ருசி பார்க்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.

பிறருக்குக் கொடுக்கும்போது, பெட்டியின் மீது ஒரு துண்டுச் சீட்டு இருப்பது அவசியம். அதில் சாக்லேட், தேங்காய், கஷ்கொட்டை, வெல்லம், உப்பு, கோகோ எனச் சேர்த்த பொருள்கள் அனைத்தையும் எழுதி, செய்த நாளையும் குறிப்பிட வேண்டும். சாக்லேட் உறையில் 'பால் இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை இருந்திருந்தால், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நனிசைவருக்கு அது ஒரு தகவல் மட்டுமே. பால் ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய்க்கோ, அந்த ஒற்றை வரிதான் உருண்டையைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும்.