பழைய வண்டி வாங்குமுன்

பழவேற்காட்டு ஏரியில் விடியுமுன் பிடித்த இறாலும் நண்டும் மடவையும் பொன்னேரிக்கும் சென்னைக்கும் காலத்தே போய்ச் சேர்ந்தால்தான் விலை உண்டு. தாமதித்தால் பனிக்கட்டியுடன் விலையும் கரையும். ஆதலால் மீனவ அங்கத்தினர் பலர் சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டியை விரும்புகின்றனர். துணி மூட்டை கொண்டு செல்லும் நெசவாளருக்கும், காய்கறி ஏற்றும் உழவருக்கும் அதே தேவை உண்டு. 2005-ஆம் ஆண்டு வெளிவந்து ‘குட்டி யானை’ எனப் பெயர் பெற்ற ஏஸ் போன்ற வண்டிகளுள் பழையதொன்றை அவர்கள் நாடுவது இயல்பே. பழையது வாங்குவது தவறன்று. ஆராயாமல் வாங்குவதே தவறு.

நாம் தணிக்கைக்குச் சென்ற கிராமமொன்றில், அங்கத்தினர் ஒருவர் மனைவியின் நகையை ஈடு வைத்துப் பெற்ற கடனில் இத்தகைய வண்டியொன்றை வாங்கியிருந்தார். புது வண்ணம் பளபளத்தது. மூன்றாம் மாதமே அடிச்சட்டம் பாரத்துடன் நடுவழியில் முறிந்தது. வண்டி கிடப்பிலாயிற்று; வட்டியோ நிற்கவில்லை. அவர் மேற்புறத்தைப் பார்த்தார், அடிப்புறத்தைப் பார்க்கவில்லை.

கடற்கரையூர்களில் முதற்பகை உப்பாகும். ஈரத்துடன் உப்பும் சேர்ந்தால் இரும்பு வெகு விரைவில் துருவேறும். மீன் பெட்டிகளிலிருந்து வடியும் நீர் தளத்தின் இடுக்குகளிலும் அடிச்சட்டத்திலும் தங்கிவிடுகிறது. எனவே வண்டியைப் பள்ளத்தின்மேல் நிறுத்திக் கீழிருந்து நோக்குக. அடிச்சட்டம், வில் பட்டைகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றைத் திருப்புளியால் தட்டுக. துரு பெயர்ந்து உதிருமாயின் அவ்வண்டி வேண்டா. அடிப்புறத்தில் மட்டும் புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருப்பின் ஐயுறுக. வெளித்தகட்டில் சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் பூச்சு மாவு கனமாக அப்பப்பட்டிருக்கக் கூடும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்தால் சேற்றுக்கறை தென்படலாம். தரைவிரிப்பின் அடியில் புழுங்கிய வாடையும், விளக்குக் கண்ணாடியினுள் நீர்த்திவலையும் அதே கதையைச் சொல்லும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிலேயே செல்க. முன்னரே சூடேற்றி வைத்திருப்பின் குறை மறைந்துவிடும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை ஓயாதிருந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசியக்கூடும். கரும்புகை மிகுந்தால் எரிபொருள் சரிவர எரியவில்லை. டயர் ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேர்நிலையில் இல்லை. பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தல் நன்று. நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்க. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவன்று.

நிற்க, வண்டி நன்றாயிருந்தும் பத்திரம் நன்றாயில்லையெனில் பயனில்லை. பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். சான்றில் கடன் நிறுவனத்தின் பெயர் இருப்பின், கடன் தீர்ந்தமைக்கு அந்நிறுவனம் கையொப்பமிட்ட 35-ஆம் படிவத்தைப் பெறாமல் முழுப் பணத்தையும் கொடுத்தலாகாது. ஏரியின் வடகரை ஆந்திரத்தைச் சேர்ந்தது. அங்குப் பதிவான வண்டியாயின் அம்மாநிலத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். தகுதிச் சான்று, வரி, காப்பீடு ஆகியவை எந்நாள்வரை செல்லும் எனவும் குறித்துக்கொள்க.

வாங்கியபின் 29, 30-ஆம் படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டுப் பெயர் மாற்றுதல் இன்றியமையாதது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவருக்கு 30 நாள் தவணை உண்டு. காப்பீட்டை மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். பதிவில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே விற்கும் அங்கத்தினரும் இதில் அலட்சியமாயிருத்தல் கூடாது.

அங்கத்தினர்களே, முன்பணம் கொடுக்குமுன் ஒருநாள் பொறுத்திருங்கள். விலை பேசும்போது பழுதுபார்க்கும் செலவையும் கூட்டிக் கணக்கிடுங்கள். நகையை ஈடு வைக்கும்போதே அது மீண்டு வரும் வழியையும் எண்ணுதல் வேண்டும். நன்கு ஆராய்ந்து வாங்கிய வண்டியே அந்நகையை மீட்டு இல்லம் கொண்டு சேர்க்கும்.