எதிரி வாய் திறந்தால் நமக்கு லாபம்!

சீட்டாட்டம் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்த கண்கள் அல்லவா! ஆனால் பிரிட்ஜ் வேறு ரகம். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி இதில் தங்கப் பதக்கமே வாங்கி வந்தது. அப்போது ஒருவருக்கு வயது 60, மற்றவருக்கு 56!

இந்த ஆட்டத்தில் நான் பட்ட ஒரு அடியைத்தான் சொல்லப் போகிறேன்.

மும்பையில் ஒரு ரயில்வே இன்ஸ்டிட்யூட். ஆண்டுப் போட்டியின் கடைசி ஆட்டம். என் பார்ட்னர், எங்கள் ஆபீசின் மூத்த குமாஸ்தா. திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். கோப்பையோடு அவரை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆளுக்கு 13 சீட்டு. எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். முதல் ஆறு பிடிக்குப் புள்ளி கிடையாது. அதற்கு மேல் எடுப்பதில் 100 புள்ளிக்குக் கேட்டு ஜெயித்தால் ‘கேம்’. பெரிய போனஸ் உண்டு. டைமனிலோ கிளாவரிலோ பிடிக்கு 20தான். ஆகவே 11 பிடி வேண்டும். துருப்பே இல்லாத ‘நோ டிரம்ப்’பில் முதல் பிடிக்கு 40, பிறகு 30, 30. ஒன்பது பிடியிலேயே கேம்! அதனால்தான் எல்லோருக்கும் அதன் மேல் கண்.

அண்ணாச்சி ‘ஒரு டைமன்’ என்று தொடங்கினார். அடுத்திருந்த எதிரி ‘ஒரு இஸ்பேட்’ என்று குறுக்கே புகுந்தார். என் கையில் ஆட்டினில் ஏஸ், ஜாக்கி, 6; டைமனில் ராஜா, ராணி, 8, 5; கிளாவரில் ஏஸ், 10, 7, 3. இஸ்பேடில் வெறும் 7, 4. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் 14. தொடங்கியவரிடம் எப்படியும் 12 இருக்கும். கேமுக்கு 25 போதுமே! குறுக்கே கேட்டவர் மேல் எரிச்சல் வேறு. ‘மூன்று நோ டிரம்ப்’ என்று தாவினேன்.

முதலில் நோ டிரம்ப் சொன்னவன் நான். ஆகவே ஆடுவதும் நான். என் இடப்பக்க எதிரி இஸ்பேடை இறக்கினார். அண்ணாச்சியின் கை டம்மியாக விரிந்தது. இஸ்பேடில் ராஜாவும் 6-ம். அதற்குப் பின்னால் காத்திருந்தவர் கையில் ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 5! ராஜா செத்தார். ஐந்து பிடியும் வரிசையாகப் போயின. மிச்சம் எட்டு. கோப்பையும் போயிற்று.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. தாதரில் கல்யாண் லோக்கல் ஏறி, உட்கார இடம் கிடைத்த பிறகுதான் பையிலிருந்து ஒரு பழைய லீவு பாரத்தை எடுத்து, அதன் பின்புறம் நாலு கைகளையும் எழுதினார்.

“தம்பி, அவன் இஸ்பேட் கேட்டது உனக்குக் கெடுதலா?”

“ஆமாம் அண்ணாச்சி.”

“இல்லைடே. எங்கே அடி விழும்னு அவனே சொல்லிட்டான். நீ காதுல வாங்கலை. உன் கிட்டே இஸ்பேட் தடுப்பு இல்லை. என் கிட்டே இருக்கான்னு கேட்டியா?”

கேட்க வழி உண்டு. எதிரி கேட்ட அதே இனத்தை நாம் கேட்பது. நான் ‘இரண்டு இஸ்பேட்’ என்றிருக்க வேண்டும். எனக்கு இஸ்பேட் வேண்டும் என்பதல்ல அதன் பொருள்; ‘டைமன் இருக்கிறது, கேமுக்குப் பலம் இருக்கிறது, இஸ்பேடுக்குத் தடுப்பு உண்டா?’ என்ற கேள்வி. ராஜா வைத்திருந்த அண்ணாச்சி ‘இரண்டு நோ டிரம்ப்’ என்பார், நான் மூன்றாக்குவேன். தடுப்பு இல்லையென்றால் டைமனுக்கே திரும்புவார். நஷ்டமில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. அண்ணாச்சி ஆடினால், முதல் சீட்டை இறக்க வேண்டியவர் அந்த இஸ்பேட்காரரேதான். அண்ணாச்சி கடைசியில் போடுவார். எதிரி ஏஸை இறக்கினாலும் ராணியை இறக்கினாலும் ராஜாவுக்கு ஒரு பிடி நிச்சயம். டைமனில் ஐந்து, கிளாவரில் ஏஸும் ராஜாவுமாக இரண்டு, ஆட்டின் ஏஸ் ஒன்று, இஸ்பேட் ராஜா ஒன்று. சரியாக ஒன்பது! அதே சீட்டுகள்தான், யார் கையிலிருந்து ஆடுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும்.

தாணா வருவதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்க கடைசிக் கோப்பையைக் கெடுத்துட்டேன், அண்ணாச்சி” என்றேன்.

“கோப்பையை ஊருக்குக் கொண்டு போனா என் பொஞ்சாதி அதுலே உப்புதான் போட்டு வைப்பா. இதை நீ வச்சுக்கோ” என்று அந்தக் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

அண்ணாச்சி இப்போது ஊரோடு இருக்கிறார். காகிதம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. குறுக்கே யாராவது பேசினால், இப்போதெல்லாம் தாவுவதில்லை. அவர் சொன்னது என்ன, பார்ட்னரிடம் இருப்பது என்ன என்று முதலில் கேட்கிறேன். சீட்டு மேஜையில் மட்டுமல்ல, ஆபீசிலும்தான்.