சுவருக்கு அடியில் ஓடிய இரயில்

அண்ணன் நகரின் மேற்கே, தங்கை கிழக்கே. இடையே சில நிமிட இரயில் பயணம்தான். ஒருநாள் பொழுது விடிந்தபோது அந்த இரயில் நின்று போயிருந்தது. வாசகர்களே, 1961 ஆகஸ்ட் 13 அன்று ஜெர்மனியின் பெர்லின் நகரில் எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்ந்த கதி இதுவே.

அந்நகரின் மின்சார இரயிலுக்கு 'எஸ்-பான்' என்று பெயர். 1924இல் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிய அதன் பாதைகள் நகர் முழுவதையும் ஒன்றாகப் பிணைத்திருந்தன. கிழக்கு ஜெர்மனி எல்லையை மூடியதும் அப்பிணைப்பு அறுந்தது.

இதில் ஒரு விந்தையைக் கேளுங்கள். மேற்கு பெர்லினில் ஓடிய எஸ்-பானையும் நடத்தி வந்தது கிழக்கு ஜெர்மனியின் இரயில்வேதான்! நாம் கொடுக்கும் கட்டணம் சுவர் எழுப்பியவர்களுக்கே போய்ச் சேருகிறதே என்று கொதித்த மேற்குப் பகுதி மக்கள் அதில் ஏற மறுத்தனர். கோபம் நியாயமானதே. ஆயினும் வீணாகிப் போனவை அவர்கள் வீதிகளின் நிலையங்களே. 1980இல் நடந்த ஊழியர் வேலைநிறுத்தத்திற்குப் பின் மேற்குப் பகுதிப் பாதைகளில் ஏறக்குறையப் பாதி மூடப்பட்டன. 1984இல்தான் மேற்கு பெர்லினின் போக்குவரத்துக் கழகம் அவற்றை ஏற்றது.

வடக்கு-தெற்குச் சுரங்கப் பாதையின் நிலை இன்னும் வேதனைக்குரியது. மேற்கில் புறப்படும் இரயில், கிழக்கு பெர்லினின் மண்ணுக்கு அடியில் சென்று மீண்டும் மேற்கே வெளிப்படும். இடையிலுள்ள நிலையங்களில் மங்கிய விளக்குகளும் காவலர்களுமே காட்சி தருவர். வண்டி நிற்காது. 'பேய் நிலையங்கள்' என்று மக்கள் அவற்றுக்குப் பெயரிட்டனர்.

நின்றது ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸே நிலையத்தில் மட்டும். அந்நிலையத்தின் உட்புறமும் தடுப்புகளால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1963 கிறிஸ்துமஸ் வரை மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்கிலுள்ள உறவினரைக் காண அனுமதியில்லை. பின்னர் வந்து சென்றவர்களைக் கிழக்கிலுள்ளோர் கண்ணீர் மல்க வழியனுப்பிய இடம், நிலையத்தின் அருகே 1962இல் கட்டப்பட்ட எல்லைச் சோதனைக் கூடம். 'கண்ணீர் மாளிகை' என்ற பெயர் அதற்கு வேறெப்படி வந்திருக்கும்?

1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது. மறு ஆண்டு ஜூலை 2இல் ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸே வழியே கிழக்குக்கும் மேற்குக்கும் இரயில்கள் தடையின்றி ஓடின. சுரங்கத்தின் கடைசிப் பேய் நிலையமான பாட்ஸ்டாமர் பிளாட்ஸ் 1992இல் திறக்கப்பட்டது. ஆனால் நகரைச் சுற்றிவரும் 37 கிலோமீட்டர் வட்டப் பாதை மீண்டும் முழுமை பெற 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறுந்த ஒரே நாளை ஒட்ட வைக்க நாற்பது ஆண்டுகள்! இன்று அவ்வட்டத்தை ஒரு மணி நேரத்தில் சுற்றி வரலாம். கண்ணீர் மாளிகை 2011 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை.