கை கழுவுதல்

‘கை கழுவிவிட்டான்’ என்றால் பொறுப்பை உதறிவிட்டான் என்று பொருள் கொள்கிறோம். மருத்துவமனையிலோ கை கழுவுவதே முதற் பொறுப்பு. இதை உலகுக்கு உணர்த்தியவை ஒரு பதிவேட்டின் எண்கள்.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. 1846-இல், மருத்துவ மாணவர் பயின்ற முதற் பகுதியில் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் காய்ச்சல் கண்டு மாண்டனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பகுதியிலோ 3,754-க்கு 105 பேர்தாம். முதற் பகுதி வேண்டாமென்று கர்ப்பிணிகள் கெஞ்சினர். நகரம் ஒன்று, தட்பவெப்பம் ஒன்று. வேற்றுமை எங்கிருந்து வந்தது?

1847 மார்ச்சில், சவப் பரிசோதனையின்போது கத்தி பட்டுப் பேராசிரியர் கொலெச்கா இறந்தார். அவர் உடலில் கண்ட குறிகள், இறந்த தாய்மாரிடம் கண்டவையே. இளம் மருத்துவர் செம்மல்வைசுக்கு விடை விளங்கிற்று. சவ அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகளே நஞ்சைச் சுமந்தன! மருத்துவச்சிகளுக்குச் சவ அறையில் வேலையில்லை. மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது.

தம் கையே கொன்றது என்பதைப் பெரிய மருத்துவர் பலர் ஏற்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதியில் செம்மல்வைஸ் உயிர் நீத்தார்.

இன்று, நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கையைத் தூய்மை செய்க, சோப்பும் நீருமானால் 40 முதல் 60 விநாடி என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

நண்பர்களே, புண்ணின் அளவையும் நிறத்தையும் காய்ச்சலின் அளவையும் நேரத்தோடு குறிக்கும் செவிலியரின் உழைப்பு வீண் வேலையன்று. வியன்னாவில் எவரும் எண்ணி எழுதியிராவிட்டால், அந்த வேற்றுமையை யார் கண்டிருப்பார்?