பச்சையும் ஹச்செயும்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் தமிழர் ‘பச்சை’ என்பதைக் கன்னடர் ‘ஹச்செ’ என்பர். மொழிமுதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று. பள்ளி ‘ஹள்ளி’ ஆனதும் இவ்வாறே. அவ்வூர்ப் பெயரே இதற்குச் சான்று. ஆயின் கன்னடத்தில் அந்நிறத்துக்கு ‘ஹசிரு’ என்பதே பெருவழக்காதலின், ‘ஹச்செ’ என்பதில் நிறப்பொருள் மங்கிவிட்டது. தமிழிலும், தெலுங்கின் ‘பச்சபொட்டு’ என்பதிலும் அது வெளிப்படை. இந்தியின் ‘கோத்னா’ குத்தும் செயலைச் சுட்டுவது.

குத்தும் மை பெரும்பாலும் விளக்குக் கரியே. கரியது பச்சையாவது எங்ஙனம்? மேல்தோலுக்கு அடியில் தங்கும் கரித்துகள், ஒளிச்சிதறலால் நீலப்பசுமையாகத் தோன்றுகிறது. ஆகவே நம் சொல் மையையன்று, உடலில் அது பெறும் தோற்றத்தையே பெயராகக் கொண்டது.

நீலகிரித் தோடர் மகளிர் மார்பிலும் தோளிலும் கையிலும் புள்ளிகளும் வளையங்களும் குத்திக்கொண்டதை ரிவர்ஸ் தம் 1906ஆம் ஆண்டு நூலில் பதிவுசெய்தார். மத்தியப் பிரதேசத்துப் பைகா மகளிர் நெற்றி, முதுகு, கை, கால் எனப் பரவலாகக் குத்திக்கொள்வர். பிற அணிகள் இறப்பில் நீங்க, இதுவொன்றே உடன்வரும் என்பது அவர்தம் நம்பிக்கை. இதனை வெறும் ஒப்பனை எனல் பொருந்தாது.

குத்துவோர் பலவிடத்தும் வேற்றுக் குழுவினர். தமிழகத்தில் குறவர் மகளிர் ஊர்தோறும் சென்று இதனைச் செய்தனர். எனவே கோலம், தேள் முதலிய வடிவங்களின் பெயர்களைத் தொகுப்போர், அணிந்தவரோடு அமையாது குத்தியவரையும் வினவுதல் வேண்டும். நகரக் கடைகளில் இன்று வழங்கும் ‘டாட்டூ’வும் (தஹீத்தித் தீவினரிடமிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பெற்ற சொல் அது) அவ்வடிவப் பெயர்களுள் ஒன்றையும் தன்னுடன் கொணரவில்லை.