நெல்லிக்கனியும் நடுகல்லும்

இறவாதிருத்தல் பேறா, சாபமா? வகுப்பறையில் மாணவர் அடிக்கடி எழுப்பும் இவ்வினாவுக்கு விடை காண நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. புறநானூற்றைப் புரட்டினாற் போதும்.

அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியை, அதன் ஆற்றலை வெளியிடாமலே ஔவையாருக்கு அளித்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. உண்டார்க்கு நீண்ட ஆயுள் தரும் கனி அது. உள்ளம் நெகிழ்ந்த ஔவையார் அவனை வாழ்த்திய பாட்டு அந்நூலின் 91 ஆம் செய்யுள். கொடையின் சிறப்பை விளக்க அது போதுமாதலின், நாம் பெரும்பாலும் கதையை அவ்விடத்தே நிறுத்திவிடுகிறோம். கனியை உண்டவர் நிலை பின்னர் யாதாயிற்று என அறிய விரும்புவோர் 232 ஆம் செய்யுள்வரை செல்லல் வேண்டும்.

அங்கே அதியமான் இல்லை. அவனுக்கு நட்ட கல்லே நிற்கிறது. அதற்குப் பீலி சூட்டிக் கள்ளும் வார்க்கின்றனர். அதனைக் கண்ட ஔவையார், இனித் தமக்குக் காலையும் வேண்டா, மாலையும் வேண்டா, வாழும் நாளே வேண்டா என்று இரங்குகிறார். நெடுவாழ்வுக்குரிய கனியை உண்டவரே வாழ்நாளை வெறுக்கிறார்!

இது பண்டை நாட் செய்தி மட்டுமன்று. பிரான்சு நாட்டு ழான் கல்மான் அம்மையார் 122 ஆண்டுகள் வாழ்ந்து 1997 இல் மறைந்தார். வயது உறுதி செய்யப்பட்ட மாந்தருள் அவரினும் நெடிது வாழ்ந்தார் இலர். ஆயின் கணவரும், ஒரே மகளும், ஒரே பேரனும் அவருக்கு முன்னரே மறைந்தனர்.

சொறிக்கல்முனையிலிருந்து இதனை எழுதுகிறேன். எம் பகுதியினர்க்கு இவ்வுண்மையை உணர்த்த நூல் வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்முனைக் கரையில் ஏறியபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தாம் மட்டும் எஞ்சிய முதியோர், தமிழர் முஸ்லிம்கள் என்னும் வேறுபாடின்றிப் பலர். கடல் தம்மை ஏன் விட்டுச் சென்றது என்பதே அவர்தம் கேள்வியாயிருந்தது.

அங்ஙனமாயின் நெடுவாழ்வு சாபமே எனத் துணியலாமோ? ஆகாது. ஔவையாரும் அன்றே மாய்ந்திருப்பின் அவ்விரங்கற்பாக்கள் நமக்கு ஏது? அவர் எஞ்சியிருந்து பாடினமையாலன்றோ, 1894 இல் உ. வே. சாமிநாதையர் ஏட்டிலிருந்து அச்சேற்றிய நூலில் அதியமான் இன்றும் வாழ்கிறான்! தான் உண்ணாது ஈந்த ஆயுளை, பெற்றவர் பாட்டாக்கி அவனுக்கே மீள அளித்துவிட்டார்.

சாவா மருந்தேயாயினும் விருந்தினரைப் புறத்தே விட்டுத் தனித்து உண்ணுதல் தகாதென்பது வள்ளுவர் கருத்து. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி புறநானூற்று 182 ஆம் செய்யுளிற் கூறும் சான்றோரும் அமிழ்தத்தைத் தனித்து உண்ணாதவரே. உணவுக்குரிய இவ்வறம் ஆயுளுக்கும் உரியது. எம் அயலூராகிய காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் வாழ்ந்தது 55 ஆண்டுகளே. 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றி, அவ்வாண்டிலேயே மறைந்தார். மறைந்துபோன யாழுக்கு உயிரூட்டச் செலவான அவ்வாழ்வைக் குறுகியது என்பார் யார்?

ஆதலின் மாணவர்க்கு யான் கூறும் விடை இது: மறைந்தோர் பெயரையும் பணியையும் தாங்குவார்க்கு நெடுவாழ்வு பேறே, தமக்கென்றே வாழ்வார்க்கு ஒரு நாளும் மிகையே.