மங்கும் மையப் பார்வை: எந்தச் சிகிச்சைக்குச் சான்று இருக்கிறது?

எதிரே நிற்பவரின் முகம் மட்டும் கலங்கலாக இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் பொருள்கள் தெளிவாகத் தெரிகின்றன. கதவுச் சட்டம் நெளிகிறது. விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலா வயதால் நலிந்தால் இப்படித்தான் ஆகும். நோயின் பெயர் தெரிந்த அன்றே, ஆளுக்கொரு மருந்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

திட்டு போனது, பலன் இல்லை

இந்த நோயின் உலர் வகையில் விழித்திரைக்கு அடியில் ட்ரூசன் என்ற மஞ்சள் திட்டுகள் படியும். லேசர் பட்டால் அவை கரைவதை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். திட்டு போனால் பார்வை தப்பும் என்று நினைப்பது இயல்புதானே? அமெரிக்காவில் 1,052 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் கொடுத்து, மறு கண்ணை அப்படியே விட்டு, ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். 2006இல் வந்த முடிவு: பார்வை இழப்பில் இரு கண்களுக்கும் வித்தியாசமே இல்லை. 'ஸ்கேனில் நல்ல முன்னேற்றம்' என்று யாராவது சொன்னால், சார்ட்டில் எத்தனை எழுத்து கூடுதலாகப் படிக்க முடிகிறது என்று கேளுங்கள்.

ஊசிக்கு வலுவான சான்று

ஈர வகையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். அதைத் தடுக்கும் ரானிபிசுமாப் ஊசியை, ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்த குழுவோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் ஊசி பெற்றவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்குப் பார்வை பெரிதாகக் குறையவில்லை. மற்றவர்களில் 62 சதவீதம்தான்.

குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப், கண்ணுக்குப் போடும் அளவில் பல மடங்கு மலிவு. இரண்டும் ஒன்றா என்று சோதிப்பதில் மருந்து நிறுவனத்துக்கு என்ன லாபம்? அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் அரசுப் பணத்தில் சோதித்தது. ஒரே கால இடைவெளியில் போட்டால் ஓராண்டில் பார்வைப் பலன் சமம் என்று 2011இல் தெரிந்தது.

மாத்திரை யாருக்கு?

வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை சேர்ந்த கலவை, முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பை ஐந்தாண்டில் சுமார் 25 சதவீதம் குறைத்தது என 2001இல் அறிவித்தார்கள். நோய் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு கண்ணில் முற்றியவர்களுக்கும்தான் இது பொருந்தும். இழந்த பார்வையை அது மீட்டுத் தராது. 2013இல் வந்த அடுத்த சோதனையில், அந்தக் கலவையில் இருந்த பீட்டா கரோட்டினைச் சாப்பிட்ட முன்னாள் புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. அதனிடத்தில் லூட்டீனும் ஸியாசாந்தினும் வந்தன. மீன் எண்ணெயின் ஒமேகா-3 கூடுதல் பலன் தரவில்லை.

பதிவேட்டில் இருப்பதெல்லாம் சான்றல்ல

2017இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையைப் படித்தால் நடுங்கும். ஃப்ளோரிடாவில் மூன்று பெண்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம்செல்லை, ஒரே நாளில் இரு கண்களிலும் செலுத்தினார்கள். கட்டணம் ஆளுக்கு 5,000 டாலர். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பறிபோனது. அந்தச் சிகிச்சை அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டில் ஆய்வாகவே பதிவாகியிருந்தது.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதி உண்டா என்று பாருங்கள். ஆய்வில் சேர உங்களிடமே பணம் கேட்டாலோ, இரு கண்ணுக்கும் ஒன்றாகச் செய்யலாம் என்றாலோ, கையெழுத்துப் போடாமல் வேறொரு விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள்.